பிள்ளைகள் பெரிய ஹொட்டேலுக்குக் கூட்டிப்போனால்

போன வைகாசியில், வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த அடுத்த கிழமை, பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டார். பரிஸ் நகரில் இருக்கிற மகனிடம் போக விசா கிடைத்துவிட்டது, ஐப்பசியில் பயணம் என்றார். ஆனால் சொல்லும்போது முகத்தில் சந்தோசத்தைக் காணவில்லை.

"தம்பி, பேத்தி படிச்சு முடிச்சு வேலையும் எடுத்திட்டாள். முதல் சம்பளத்திலை அப்பம்மாவைப் பெரிய ஹொட்டேலுக்குச் சாப்பிடக் கூட்டிப்போகவேணுமாம். நான் அங்கை போய் எப்பிடி இருந்து சாப்பிடுறது? கால் நோகுது, வரேல்லை எண்டு சொல்லப்போறன்."

அப்படிச் சொல்ல நான் விடவில்லை. அதன்பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் அவர் வீட்டு விறாந்தையில் மேசை போட்டு, நானும் அக்காவும் ஒத்திகை பார்த்தோம். அங்கே சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒட்டுசுட்டானிலும் புதுக்குடியிருப்பிலும் கிளிநொச்சியிலும் பிள்ளைகளைப் பிரான்சுக்கோ சுவிசுக்கோ லண்டனுக்கோ அனுப்பிவிட்டு, இப்போது அவர்களைப் பார்க்கப் போகிற அம்மா அப்பாமார் நிறையப் பேர். அவர்கள் ஒருவராவது இதை வாசித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டால் எனக்குப் போதும்.

நான் 1992 இல் பரிசுக்குப் போய் 2014 இல் ஊருக்குத் திரும்பியவன். அதில் 17 வருடம் எட்டாம் வட்டாரத்தில் ஒரு பெரிய ஹொட்டேலின் குசினியில் வேலை. முதல் ஆறு வருடம் கோப்பை கழுவினேன். பிறகு மரக்கறி வெட்டுகிற பகுதி, கடைசியில் சோஸ் வைக்கிற பகுதி. இப்போது முத்தையன்கட்டு வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிறேன்.

கோப்பை கழுவுகிறவன் மண்டபத்தைக் காண்பதில்லை. ஆனால் மண்டபத்தில் நடந்தது முழுக்கக் கோப்பையில் எழுதி அவனிடம் வரும். 2003 மாரியில் ஒரு இரவு வந்த கோப்பையை நான் மறக்கவில்லை. நடுவில் கன்றிறைச்சித் துண்டு, வைத்தது வைத்தபடி, கத்தி படவேயில்லை. சுற்றி இருந்த கரட்டை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, அதில் பட்டிருந்த சோசைப் பாண் துண்டால் வழித்துக் கோப்பையின் ஓரத்தில் தேய்த்துவிட்டு, கரட்டை மட்டும் சாப்பிட்டிருந்தார்கள். கோப்பையைக் கொண்டுவந்த பெடியனிடம் யார் சாப்பிட்டது என்று கேட்டேன். சேலை கட்டிய வயதான அம்மா, பிள்ளைகளோடு வந்திருக்கிறா, வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்றான். அந்த அம்மா ஒரு சொல் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் எங்கள் குசினியில் இருந்து வேறு சாப்பாடு போயிருக்கும். அது எங்கள் அன்றாட வேலை. அவ அதைத் தன்னுடைய குற்றமாக நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டா.

அதனால் நான் சொல்லப்போகிறதில் முக்கியமானது ஒன்றுதான்: கேளுங்கள், சொல்லுங்கள். கரண்டி பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

போவதற்கு முதல்

மேசை ஒதுக்கும்போதே சாப்பிடாதவற்றைச் சொல்லிவிட வேண்டும். இது பிள்ளைகள் செய்கிற வேலை, ஆனால் செய்யச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். பிள்ளைக்கு அங்கே போய் வருடக்கணக்காகிவிட்டது. அம்மா வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் என்பது மறந்திருக்கும். நாளைக் குறிக்கும் முன்பே நாட்காட்டியைப் பாருங்கள். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன், முழு மரக்கறி, முட்டையும் இல்லை, மது கலந்தது வேண்டாம், நண்டு ஒத்துவராது, இப்படி எதுவானாலும் ஒரு நாள் முன்பே குசினிக்குத் தெரிந்தால் உங்களுக்கென்று நல்லதாகச் செய்வார்கள். மேசையில் இருந்துகொண்டு சொன்னாலும் செய்வார்கள்தான், ஆனால் அவசரத்தில் செய்தது அவசரத்தில் செய்ததாகத்தான் இருக்கும். ஒவ்வாமை தருகிற 14 பொருள்கள் எந்தச் சாப்பாட்டில் இருக்கின்றன என்று கேட்டால் சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 மார்கழியிலிருந்து சட்டம். கச்சான், இறால், நண்டு, எள்ளு, பால், முட்டை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே கேட்கிற கேள்விக்கு அவர்களிடம் பதில் எப்போதும் ஆயத்தமாக இருக்கும்.

முடிந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போடச் சொல்லுங்கள். அதே குசினி, அதே சமையல்காரர், ஆனால் பெரிய இடங்கள் பலவற்றில் மத்தியானத்துக்கென்று குறைந்த விலையில் ஒரு தொகுப்பு இருக்கும். இரவுச் சாப்பாடு ஏழரைக்குத் தொடங்கினால் எழும்பப் பத்தரையாகும். எங்கள் வயதில் அந்நேரம் ஒரு நித்திரை முடிந்திருக்கும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முதற் கோப்பை வரவே அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகலாம். பின்னேரம் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மருந்தைக் கைப்பையில் வையுங்கள், எப்போது போடுவது என்று உங்கள் டொக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கால் ஏலாதவர்கள், செயற்கைக்கால் போட்டவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர். படியில்லாத வழியும், கழிப்பறைக்குக் கிட்டிய மேசையும் வேண்டும் என்று முன்பே சொல்லச் சொல்லுங்கள். பரிசில் பல உணவகங்களில் கழிப்பறை நிலத்துக்குக் கீழே, ஒடுங்கிய சுழற்படியில் இருக்கும். பெரிய ஹொட்டேல்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் அது எங்கே என்று வந்தவுடனே கேட்டு வைத்துவிடுங்கள். இன்னொன்று. என் சொந்த அக்கா 2009 க்குப் பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டி எந்த இடத்திலும் இருப்பதில்லை. சுவரோரம், வாசல் தெரிகிற கதிரை வேண்டும் என்று கேட்டாலும் தருவார்கள். காரணம் கேட்கமாட்டார்கள்.

மேசை ஒதுக்கும்போது வங்கி அட்டை இலக்கம் கேட்கிற இடங்கள் உண்டு. சொல்லாமல் போகாமல் விட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று அறவிடுவார்கள். அதனால் அன்று காலை "எனக்கு ஏலாது, நீங்கள் போங்கோ" என்று சொல்வது பிள்ளைக்குக் காசுச் செலவு.

உடுப்பு

சேலை போதும். பட்டுச்சேலை என்றால் அந்த மண்டபத்தில் அதைவிட மரியாதையான உடுப்பு இல்லை. ஆண்களுக்கு நீளக் காற்சட்டை, கொலர் வைத்த சேர்ட், மூடிய சப்பாத்து. சில இடங்களில் கோட் கேட்பார்கள், அதைப் பிள்ளை பார்த்துச் சொல்லும். குளிருக்குப் போட்டுப்போகிற தடித்த மேலங்கியை வாசலில் வாங்கி வைப்பார்கள், பயப்படாமல் கொடுக்கலாம், திரும்பும்போது கையில் தருவார்கள். காசும் கடவுச்சீட்டும் அதன் பொக்கற்றில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

உள்ளே போகும்போது

கதவில் நிற்கிறவருக்கும், மேசைக்குக் கூட்டிப்போகிறவருக்கும், பரிமாறுகிறவருக்கும் நீங்கள் முதலில் வணக்கம் சொல்லுங்கள். பகலில் "பொன்ஜூர்", பொழுதுபட்டால் "பொன்சுவார்". பிரான்சில் இது பெரிய விசயம். வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்கிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் மரியாதை தெரியாதவர். அக்காவுக்கு நான் கற்பித்த முதல் இரண்டு சொல் பொன்ஜூரும், நன்றி சொல்கிற மெர்சியும். மூன்றாவது "சில் வூ ப்ளே", தயவுசெய்து.

கதிரையை ஒருவர் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பார். நீங்கள் மேசைக்கும் கதிரைக்கும் நடுவில் நின்றால், கதிரை முழங்காலின் பின்பக்கம் மெல்ல முட்டும். அப்போது இருங்கள். எங்கள் ஒத்திகையில் இதைத்தான் அதிக தடவை செய்தோம், ஏனென்றால் அக்கா ஒவ்வொரு முறையும் "நீங்கள் இருங்கோ தம்பி" என்று கதிரையை என் பக்கம் திருப்பிவிட்டார். வயதானவர்கள், பெண்கள் முதலில் இருப்பதும், அவர்களுக்கு முதலில் பரிமாறுவதும் அங்கே வழக்கம். உங்களுக்கு ஒருவர் வேலை செய்வதைப் பார்த்துக் கூசவேண்டியதில்லை. அவர் அந்தத் தொழிலைப் பள்ளியில் படித்து வந்தவர், அதைச் சரியாகச் செய்வதில் அவருக்குப் பெருமை.

அந்தப் பளிங்குத் தரையையும் விளக்கையும் கண்டு மனம் ஒடுங்கினால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி ஹொட்டேல்களுக்கு வழி காட்டியவர் என்று எல்லாரும் சொல்கிற சேசார் ரிட்ஸ், 1850 இல் சுவிஸ் மலைக்கிராமம் ஒன்றில், நீடர்வால்டில், கமக்காரக் குடும்பத்தில் 13 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். பரிமாறுகிற வேலையில் தொடங்கி, 1898 இல் பரிசில் வாந்தோம் சதுக்கத்தில் தன் பெயரில் ஹொட்டேல் திறந்தார். குசினியை எஸ்கோஃபியே என்ற சமையல்காரர் ஒழுங்குபடுத்தினார். நான் வேலை செய்த குசினி வரைக்கும் அவர் போட்ட ஒழுங்குதான்: சோசுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர்.

மேசையில் பயன்படும் சொற்களிலும் பாதி எங்களுடையதுதான். மேசை, கதிரை, கோப்பை, பாண், குசினி எல்லாம் போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போனவை. பிரெஞ்சுக்காரன் பாணை "பேன்" என்பான், குசினியை "குய்சீன்" என்பான். முதல் நாள் வேலைக்குப் போனபோது எனக்கு விளங்கிய சொல் அது ஒன்றுதான்.

அட்டையை வாசிப்பது

பிரான்சில் "மெனு" என்றால் தொகுப்பாக ஒரு விலைக்குத் தருகிற சாப்பாடு. நாங்கள் மெனு என்று சொல்கிற அட்டைக்கு அவர்கள் "கார்த்" என்பார்கள். "ஒந்த்ரே" என்பது தொடக்கத்துக்குச் சின்னதாக வருவது, "ப்ளா" என்பது பெரிய சாப்பாடு, அதற்குப் பிறகு சீஸ், அதற்கும் பிறகு "தெசேர்", இனிப்பு. நீங்கள் கேட்காமலே தொடக்கத்தில் ஒரு வாய் அளவு ஏதாவது வரும், கடைசியில் கோப்பியோடு குட்டி இனிப்புகள் வரும். அவற்றுக்குத் தனியே காசில்லை.

உங்கள் கையில் தருகிற அட்டையில் விலை இல்லாமல் இருக்கலாம். சில பெரிய இடங்களில் கூட்டிவந்தவருக்கு மட்டும் விலை போட்ட அட்டையைக் கொடுப்பது பழைய வழக்கம். அது நல்லதுக்குத்தான். விலை இருந்தாலும் யூரோவை ரூபாயாக்கி நெல்மூடைக் கணக்குப் பார்க்காதீர்கள். அக்கா பார்ப்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் பேத்தியிடம் அட்டையை வாசித்துச் சொல்லச் சொன்னேன்.

பிள்ளைகள் நட்சத்திரக் கதை சொல்வார்கள். ஹொட்டேலின் நட்சத்திரம் வேறு, சாப்பாட்டின் நட்சத்திரம் வேறு. ஹொட்டேலுக்கு ஐந்து வரை, அதற்கும் மேல் "பலாஸ்" என்ற தரம் பிரான்சில் உண்டு. சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போடுவது மிஷ்லன் என்ற டயர் கம்பனியின் கைநூல். 1900 இல் கார்க்காரருக்காகத் தொடங்கியது. அதில் மூன்றுதான் உச்சம்.

இனி இறைச்சிக்கு வருவோம். இதை நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோஸ் பகுதியில் நின்றவன் நான்.

மாட்டுக்குப் பிரெஞ்சில் "பெஃப்". கன்றுக்கு "வோ". மாடு வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கன்று வரலாம், அவர்களுக்கு அது இரண்டும் வேறு வேறு. ஆகவே இரண்டையும் சொல்ல வேண்டும்: "ஜ ந மான்ஜ் பா த பெஃப், நி த வோ." ஆடு "அன்யோ", கோழி "வொலாய்" அல்லது "பூலே", தாரா "கனார்", பன்றி "பொர்". "லார்டோன்" என்று கண்டால் அது பன்றியின் கொழுப்பு இறைச்சியைப் பொடியாக வெட்டியது, பச்சை இலைச் சலட்டில்கூடக் கிடக்கும். "ஃபுவா க்ரா" தாராவின் அல்லது வாத்தின் ஈரல். "தார்த்தார்" என்றால் பச்சையாகக் கொத்தியது, பெரும்பாலும் மாட்டிறைச்சி.

சோற்றைத் தேடுகிறவர்கள் ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். பிரெஞ்சில் அரிசி "ரி". "ரி த வோ" என்று ஒரு சாப்பாடும் இருக்கிறது, எழுத்து வேறு, காதில் விழுவது ஒன்றே. அது சோறு அல்ல, கன்றின் கழுத்தடியில் இருக்கும் ஒரு சுரப்பி. பெரிய ஹொட்டேல்களில் விரும்பி வாங்குகிற, விலை கூடிய சாப்பாடு. "ரி" என்று கேட்டவுடன் தலையாட்டிவிடாதீர்கள்.

இனி அட்டையில் எழுதாத விசயம். கன்றின் எலும்பை ஓவனில் சிவக்க வாட்டி, வெங்காயம் கரட்டோடு பெரிய பானையில் போட்டு, மணிக்கணக்காகச் சின்ன நெருப்பில் வைத்து, வடித்து, சுண்ட வைத்து எடுப்பது "ஃபோன் த வோ". பழைய முறைச் சோஸ்கள் பலவற்றின் அடி அதுதான். நானே எத்தனையோ பானை வைத்திருக்கிறேன். அது கோழிக்கும் போகும், காளானுக்கும் போகும். அதாவது கோழி என்று நினைத்துச் சாப்பிடுகிற கோப்பையிலும் மாடு இருக்கலாம். மரக்கறி சூப் என்றாலும் கோழி எலும்புத் தண்ணீரில் வைத்ததாக இருக்கலாம். ஆகவே விரதக்காரர்கள் "மரக்கறியா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தக்கூடாது. "சோசும் சூப்பும் எந்தத் தண்ணீரில் வைத்தது?" என்று கேட்க வேண்டும். சரியாகக் கேட்டால் பரிமாறுகிறவர் குசினிக்குள் வந்து கேட்டுக்கொண்டு போவார். எங்களிடம் அப்படி வந்து கேட்டபோது ஒருவரும் சினந்ததில்லை. தெரியாமல் கொடுத்துவிடுவதுதான் எங்களுக்குப் பெரிய பயம்.

சீஸும் அப்படித்தான். பார்மெசான் சீஸ் உறைவதற்குக் கன்றின் இரைப்பையில் இருந்து எடுத்த பொருள் போட்டே ஆகவேண்டும், அதுதான் அதன் விதி. வேறு பல கடினமான சீஸ்களும் அதே முறை. இனிப்பில் ஜெலற்றின் இருக்கலாம், அது மாட்டிலோ பன்றியிலோ இருந்து வருவது. கட்டியாகத் தளதளவென்று நிற்கிற இனிப்பு எதையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பழம் பாதுகாப்பு. மதுவும் சோசுக்குள் போகும். மீனுக்கு வைக்கிற வெண்ணெய்ச் சோசில் வெள்ளை வைன் வழக்கமாக இருக்கும்.

அக்காவுக்கு நான் ஒரு சின்ன அட்டையில் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன்: மாடு, கன்று, பன்றி சாப்பிடமாட்டேன், அவற்றின் எலும்பில் வைத்த சோசும் வேண்டாம், மீன், கோழி, மரக்கறி சாப்பிடுவேன். சேலைத் தலைப்பில் முடிகிற மாதிரிப் பத்திரமாகக் கைப்பையில் வைத்தார். நீங்களும் பிள்ளையிடம் சொல்லி ஒன்று எழுதி வாங்குங்கள். பேசத் தெரியவேண்டியதில்லை, நீட்டினால் போதும்.

கையும் கரண்டியும்

இதற்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், இதுதான் இலேசு. ஒத்திகைக்கு அக்கா வீட்டுப் பீங்கான் கோப்பை, மூன்று முள்ளுக்கரண்டி, இரண்டு கத்தி. கோப்பையின் இடது பக்கம் முள்ளுக்கரண்டி, வலது பக்கம் கத்தியும் கரண்டியும். வெளியில் இருப்பதை முதலில் எடுத்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் உள்ளே உள்ளே வர வேண்டும். நல்ல இடங்களில் ஒவ்வொரு கோப்பைக்கும் தேவையானதை அப்போதைக்கப்போது கொண்டுவந்து வைப்பார்கள், அதனால் பிழை விடவும் வழியில்லை. இடது பக்கச் சின்னக் கோப்பையில் உள்ள பாண் உங்களுடையது, வலது பக்கக் கிளாஸ் உங்களுடையது. அதை மாறி எடுத்தால் பக்கத்தில் இருப்பவருடையது போய்விடும்.

அங்கே முள்ளுக்கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிடுவார்கள். அக்கா இந்த இடத்தில் நின்றுவிட்டார். "இடக்கையாலையோ தம்பி?" என்றார். அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குத் தெரியும், எங்கள் அம்மா இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பா. வழி இருக்கிறது. இடது கையில் முள்ளால் அழுத்திப் பிடித்து, வலது கையால் வெட்டுங்கள். இரண்டு மூன்று துண்டு வெட்டியதும் கத்தியைக் கோப்பையின் மேல் ஓரத்தில் வைத்துவிட்டு, முள்ளுக்கரண்டியை வலது கைக்கு மாற்றிச் சாப்பிடுங்கள். ஒருவரும் அதைப் பிழையாக எடுப்பதில்லை. மீன் வெட்டத் தேவையில்லை, வலது கையில் முள்ளுக்கரண்டியால் மட்டும் சாப்பிடலாம்.

பாணைக் கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும், ரொட்டி பிய்க்கிற மாதிரி. ஒரு வாய்க்கு ஒரு துண்டு. கத்தியால் வெட்டவேண்டாம். பசியில் பாணை நிறையச் சாப்பிட்டுவிடாதீர்கள், பின்னால் ஐந்தாறு கோப்பை வரக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் சின்னது, ஆனால் எழும்பும்போது வயிறு நிறைந்திருக்கும்.

மடித்து வைத்த துணியை விரித்து மடியில் போடுங்கள். நடுவில் எழும்பினால் கதிரையில் வைக்க வேண்டும், முடித்து எழும்பும்போது மேசையில், மடிக்காமல்.

கத்தியும் முள்ளும் வைக்கிற விதம் பரிமாறுகிறவருக்கு ஒரு செய்தி. இரண்டையும் அகட்டி, கூரை மாதிரிக் கோப்பையில் சாய்த்து வைத்தால் "இன்னும் சாப்பிடுகிறேன்". இரண்டையும் சேர்த்து ஒரே பக்கம் நீட்டி வைத்தால் "முடிந்தது, எடுக்கலாம்". எனக்கு வந்த கோப்பைகளில் பாதிச் சாப்பாடு கிடந்த பல, தெரியாமல் சேர்த்து வைத்துவிட்டவர்களுடையவை என்று இப்போதும் நினைக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் வீட்டில் நாலு தடவை செய்து பாருங்கள்.

எங்களைப் போல "இன்னும் கொஞ்சம் போடுங்கோ, வெட்கப்படாதேங்கோ" என்று யாரும் வற்புறுத்தமாட்டார்கள். அது அக்கறையில்லாமல் அல்ல. பாண் மட்டும் முடிய முடிய வரும்.

தண்ணீர், உறைப்பு, தேத்தண்ணி

வந்தவுடன் தண்ணீர் எது வேண்டும், சாதாரணமா வாயு அடைத்ததா என்று கேட்பார்கள். இரண்டும் போத்தல், இரண்டுக்கும் காசு. குழாய்த் தண்ணீர் போதுமென்றால் "ஊன் கராஃப் தோ" என்று சொல்லலாம். பிரான்சில் சாப்பிடுகிறவருக்கு அது இலவசமாகத் தரவேண்டும் என்று சட்டம், குடிக்கவும் நல்லது. வைன் வேண்டாமென்றால் "நோன், மெர்சி" போதும், கிளாசை எடுத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்பதில்லை.

உப்பும் உறைப்பும் காணாது என்று நினைப்பீர்கள். முதலில் இரண்டு வாய் அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள். செய்தவனுக்கு அது மரியாதை, உங்களுக்கும் மரக்கறியின் சொந்த ருசி தெரியும். பிறகும் ஏலாதென்றால் மிளகாய் கேளுங்கள். பிரான்சின் தெற்கில், ஸ்பெயின் எல்லைக்குக் கிட்ட, எஸ்பெலெட் என்று ஒரு கிராமம். அறுவடை நாளில் வீட்டுச் சுவரெல்லாம் சிவப்பு மிளகாய்ச் சரம் காயத் தொங்கும். அந்தத் தூள் பெரிய குசினிகளில் இருக்கும். "பிமோன் தெஸ்பெலெட்" என்று கேட்டால் எதைக் கேட்கிறீர்கள் என்று தெரிந்தவரென்று மதிப்பார்கள்.

கோப்பி இனிப்புக்குப் பிறகுதான் வரும், அதுவும் குட்டிக் கோப்பையில் கறுப்பாக. தேத்தண்ணி கேட்டால் சுடுதண்ணியும் பையும் தருவார்கள். பால் தனியாகக் கேளுங்கள், குளிர்ந்ததாகக் கொண்டுவருவார்கள், சுடவைத்துத் தரச் சொன்னால் தருவார்கள்.

பில்லைக் கேட்காமல் கொண்டுவரமாட்டார்கள், எழும்பு என்று சொல்வதாகிவிடும் என்று. பிரான்சில் சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது. மனம் வந்தால் கொஞ்சம் வைக்கலாம், கட்டாயமில்லை. லண்டனில் பன்னிரண்டரை வீதம் அளவில் பில்லில் தனியாகப் போடுவார்கள், அதைப் பார்த்தால் மேலும் வைக்கத் தேவையில்லை. பில்லுக்காகப் பிள்ளையோடு மேசையில் இழுபறிப்பட வேண்டாம். முதற் சம்பளத்தில் கொடுக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

எழும்ப முன் அன்றைய சாப்பாட்டு அட்டையைக் கேட்டால் பல இடங்களில் அச்சடித்துத் தருவார்கள். கேளுங்கள்.

அக்கா தை மாதம் திரும்பி வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போனார்களாம். நான் எழுதிக்கொடுத்த அட்டையைப் பரிமாறுகிறவர் வாங்கி வாசித்து, குசினிக்குக் கொண்டுபோய், திரும்ப வந்து இரண்டு கையாலும் கொடுத்தாராம். எஸ்பெலெட் மிளகாயும் கேட்டிருக்கிறார். "மணம் நல்லாயிருக்குத் தம்பி, உறைப்பெண்டு சொல்ல ஏலாது" என்றார். அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்த சாப்பாட்டு அட்டையை எடுத்துவந்து, இரண்டாவது வரியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். பூசணி சூப். மரக்கறித் தண்ணீரில் வைத்து, கடைசியில் கொஞ்சம் பாலாடை. பூசணி என் வேலியிலேயே காய்த்துக் கிடக்கிறது, பாலாடை கிளிநொச்சியில் வாங்கலாம். வருகிற ஞாயிறு அதே விறாந்தையில் வைத்துப் பார்க்கப் போகிறோம். அக்கா சாதிக்காய் தேடிக்கொண்டிருக்கிறார்.